பெட்டி வைத்துக் கேட்ட ஊர்

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. அப்பா சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "நான் வரலைடா, நீங்க போய்ட்டு வாங்க" என்றார்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். 1971இல் போட்டது முதல் ஓட்டு. (அப்போது 21 வயது ஆகியிருக்க வேண்டும், 18 என்று இறங்கியது 1989இல்தான்.) அதற்கப்புறம் எந்தத் தேர்தலையும் விட்டதில்லை. எமர்ஜென்சி முடிந்து வந்த தேர்தலில் காய்ச்சலோடு போய்ப் போட்டுவிட்டு வந்த கதையைக் குறைந்தது இருபது தடவை கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஆள் வரமாட்டேன் என்கிறார்.

"உடம்பு முடியலையாப்பா?"

"உடம்புக்கு என்ன? நிக்கிறவங்க யாரையும் எனக்குத் தெரியாது. நம்பியாரைத் தெரியும். கல்யாணசுந்தரத்தைத் தெரியும். அடைக்கலராஜைக்கூடத் தெரியும். இவங்கள்லாம் யாருடா?"

அந்தக் காலத்து ஆட்கள் மாதிரி வருமா என்ற இந்தப் பேச்சு தமிழ்நாட்டில் எல்லா வீட்டுத் திண்ணையிலும் உண்டு. எனக்கு அதன்மேல் எப்போதும் சந்தேகம். நான் சாஃப்ட்வேர் ஆள். "முன்னாடில்லாம் சிஸ்டம் எவ்ளோ வேகமா இருந்துச்சு" என்று யாராவது சொன்னால் பழைய லாக் ஃபைலை எடுத்துப் பார்ப்பேன். பாதி நேரம் அப்போதும் மெதுவாகத்தான் இருந்திருக்கும். அதனால் அன்று மத்தியானமே ஒரு எக்ஸெல் ஷீட் திறந்தேன். 1952 முதல் திருச்சி நாடாளுமன்றத் தொகுதியில் ஜெயித்தவர்கள், ஸ்ரீரங்கம் சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தவர்கள், யார், எங்கிருந்து வந்தார்கள், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள். அப்பா சொல்வது தப்பு என்று நிரூபிப்பதுதான் நோக்கம். பாதிதான் முடிந்தது.

முதலில் 'வெளியூர்க்காரர்' என்ற குற்றச்சாட்டு. 2024இல் திருச்சியில் ஜெயித்த துரை வைகோவின் குடும்ப ஊர் தெற்கே கலிங்கப்பட்டி. அதற்கு முந்தைய எம்.பி. திருநாவுக்கரசர் அறந்தாங்கிக்காரர். 2004இல் வென்ற எல். கணேசன் தஞ்சைப் பக்கம், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் மாணவர் தலைவர். 2001 இடைத்தேர்தலில் வென்ற தலித் எழில்மலை, அதற்கு முன் சிதம்பரம் எம்.பி. 1998இலும் 1999இலும் ஜெயித்த ரங்கராஜன் குமாரமங்கலம் மூன்று முறை சேலத்தில் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்துவிட்டு பா.ஜ.க.வுக்கு வந்தவர். ஆக, இது வெளியூர்க்காரர்களின் தொகுதிதான்.

ஆனால் அப்பாவின் கதாநாயகர்களை எடுத்தால்? கே. ஆனந்த நம்பியார் 1962இலும் 1967இலும் திருச்சி எம்.பி. அதற்குப் பத்து வருஷம் முன்னால் 1952இல் அவர் நாடாளுமன்றம் போனது மாயூரத்திலிருந்து. அங்கே அவரிடம் தோற்றவர் கே. சந்தானம், நேரு அமைச்சரவையில் ரயில்வேயைப் பார்த்துக்கொண்டிருந்தவர்! ரயில்வே தொழிற்சங்கத் தலைவரிடம் ரயில்வே அமைச்சர் தோற்ற தேர்தல் அது. பக்கத்துக் குளித்தலையில் 1957இல் ஜெயித்து முதல்முறையாகச் சட்டமன்றம் போன மு. கருணாநிதி திருக்குவளைக்காரர். ஸ்ரீரங்கத்தில் 1971இல் தி.மு.க. அலை அடித்தபோது காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் சார்பில் ஜெயித்த ஜோதி வெங்கடாசலம் சென்னை அரசியல்வாதி. ராஜாஜி மந்திரிசபையில் இருந்தவர், பின்னால் கேரள ஆளுநர் ஆனவர்.

எனவே, அந்தக் காலத்தில் எல்லாரும் உள்ளூர் ஆட்கள் என்பது நம் ஞாபகம் செய்யும் வேலை.

அடுத்தது வாரிசு. இதிலும் இன்றைக்கு மட்டும் கை நீட்ட முடியாது. துரை வைகோ வைகோவின் மகன், சரி. திருவெறும்பூர் எம்.எல்.ஏ. அன்பில் மகேஸ் பொய்யாமொழி, அன்பில் தர்மலிங்கத்தின் பேரன். ஆனால் திருச்சியே இன்னும் நல்லபடியாக நினைவு வைத்திருக்கும் ரங்கராஜன் குமாரமங்கலம் யார்? அப்பா மோகன் குமாரமங்கலம் இந்திரா காந்தியின் மந்திரி, தாத்தா ப. சுப்பராயன் 1926இலேயே சென்னை மாகாண முதலமைச்சர். மூன்றாம் தலைமுறை. அவர் 2000 ஆகஸ்டில் 48 வயதில் இறந்தபோது எங்கள் கல்லூரி விடுதியில் பையன்கள் டிவி முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தது ஞாபகமிருக்கிறது. நான் போட்ட முதல் ஓட்டும் 1999இல், அவர் நின்ற தேர்தலில்தான். யாருக்கு என்பது வேண்டாம்.

காசு? இங்கே ஒப்பிடவே முடியாது. வேட்பாளர் தன் சொத்தையும் வழக்குகளையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்ற நிலை வந்ததே 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு. அதற்கு முன் காவிரிக் கரையில் காங்கிரஸ் வேட்பாளர் என்றால் பல ஊர்களில் மிராசுதார் என்று அர்த்தம். அவர்களுக்கு எத்தனை வேலி நிலம் என்று யாரும் படிவத்தில் எழுதி வாங்கவில்லை. இன்றைக்கு இருப்பவர்களின் சொத்து நமக்குத் தெரிவதாலேயே இவர்கள் பணக்காரர்களாகவும் அவர்கள் எளியவர்களாகவும் தெரிகிறார்கள்.

இதுவரை அப்பாவுக்கு எதிராக மூன்று பாயின்ட். ஆனால் நாலாவதாக ஒரு காலம் போட்டேன். அங்கேதான் ஷீட் என் பக்கம் நிற்கவில்லை. காலத்தின் தலைப்பு: 'பெயர் அறிவிக்கும் முந்தைய நாள் இவர் இந்த ஊருக்கு யார்?'

நம்பியாருக்கும் கல்யாணசுந்தரத்துக்கும் இதை நிரப்பப் பொன்மலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றியது 1920களின் கடைசியில். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், ஒரே காலனி, ஒரே சங்கு. 1946 செப்டம்பர் 5 அன்று வேலைநிறுத்தத்தின்போது சங்கத் திடலில் துப்பாக்கிச்சூடு நடந்து ஐந்து தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். இன்றைக்கும் அந்த நாளில் அங்கே கொடி ஏறுகிறது. நம்பியாரும் எம். கல்யாணசுந்தரமும் அந்தத் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர்கள். சங்கத்தில் தலைவராக நீடிப்பது லேசுப்பட்ட காரியமா? பஞ்சப்படி வாங்கித் தரவில்லை, சஸ்பெண்ட் ஆனவனை உள்ளே எடுக்க வைக்கவில்லை என்றால் அடுத்த கேட் மீட்டிங்கில் மூஞ்சிக்கு நேராகக் கேட்டுவிடுவார்கள். நாடாளுமன்ற வேட்பாளராவதற்கு முன்னால் அவர்கள் ஒரு சுற்று ஜெயித்துவிட்டுத்தான் வந்தார்கள். அமெரிக்காவில் 'ப்ரைமரி' என்று வைத்திருக்கிறார்களே, கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று, அந்த வேலையை இங்கே பணிமனை வாசல் செய்தது.

நம்பியார் திருச்சி எம்.பி.யாக இருக்கும்போதே 1964 டிசம்பர் கடைசியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் உள்ளே போனார். புதுக்கோட்டை எம்.பி. ஆர். உமாநாத்தும் கூட. எம்.பி. என்ற முறையில் நாடாளுமன்றக் கூட்டத்துக்குப் போக எங்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1965இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காவலில் இருக்கும் எம்.பி.க்குத் தனிச் சலுகை கிடையாது என்றது. சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். 1967இல் திருச்சி மறுபடியும் அவரையே அனுப்பியது.

இதிலும் ஒரு 'ஆனால்' உண்டு. கல்யாணசுந்தரம் 1971இல் ஜெயித்தது தி.மு.க. கூட்டணியில், 1977இல் அ.தி.மு.க. கூட்டணியில். தொகுதிப் பங்கீட்டு மேசையில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்த இடம்தான் திருச்சி. 2024இல் ம.தி.மு.க.வுக்குக் கிடைத்த மாதிரியே. அப்போது சிட்டிங் எம்.பி. திருநாவுக்கரசருக்கு மறுபடி இடம் இல்லாமல் போனதும் அந்த மேசையில்தான். மேசை பழசுதான். வித்தியாசம், 1971இல் மேசையில் 'திருச்சி' என்று சொன்னவுடன் யார் என்ற கேள்விக்கு ஒரே பதில் இருந்தது. 1950களிலேயே திருச்சியிலிருந்து சட்டமன்றம் போய்க் கட்சிக்கு அங்கே தலைவராக இருந்தவரைத் தாண்டி இன்னொருவரை நிறுத்தக் கட்சிக்கே தைரியம் வந்திருக்காது. குளித்தலைக் கருணாநிதியும் அப்படித்தான். வெளியூர்க்காரர், ஆனால் 1953 ஜூலையில் இதே திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியில் தண்டவாளத்தில் படுத்து ஜெயிலுக்குப் போனவர். நாலாவது காலம் காலியாக இல்லை.

துரை வைகோவுக்கு இந்தக் காலத்தில் என்ன எழுதுவது? நியாயமாக எழுதினால், 2021 அக்டோபரில் ம.தி.மு.க. ரகசிய வாக்கெடுப்பு வைத்துத்தான் அவரைப் பொறுப்புக்குக் கொண்டுவந்தது. 104 பேர் வேண்டும், 2 பேர் வேண்டாம். அந்த இரண்டு பேரை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஓட்டுப் போட்டது கட்சி நிர்வாகிகள். திருச்சி அவரை முதலில் வேட்பாளராகத்தான் பார்த்தது. மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்கவும் வைத்தது. அந்த ஓட்டு கூட்டணிக்கு விழுந்தது என்று நான் நினைக்கிறேன். 2019இல் திருநாவுக்கரசர் நாலரை லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்ததும் அதே கணக்குத்தான்.

இந்த இடத்தில்தான் திருச்சிக்கே உரிய, பலரும் மறந்துபோன ஒரு விஷயம் வருகிறது. 1956 மே மாதம் தி.மு.க.வின் இரண்டாவது மாநில மாநாடு திருச்சியில் நடந்தது. கட்சி ஆரம்பித்து ஏழு வருஷம், இன்னும் தேர்தலில் நின்றதில்லை. நிற்கலாமா வேண்டாமா என்பதை அண்ணா மேடையில் அறிவித்துவிட்டுப் போயிருக்கலாம். செய்யவில்லை. பெட்டி வைத்தார்கள். மாநாட்டுக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். வேண்டும் என்று 56,942, வேண்டாம் என்று 4,203. நூற்றுக்கு 93. முடிவு எல்லாருக்கும் முன்பே தெரிந்ததுதான் என்று நீங்கள் சொல்லலாம். இருந்தாலும் அந்த 4,203 பேரையும் எண்ணினார்கள், வெளியே சொன்னார்கள். மறு வருஷம் 15 பேர் சட்டமன்றம் போனார்கள். பத்து வருஷம் கழித்து ஆட்சி.

நிற்கலாமா என்று பெட்டி வைத்துக் கேட்ட ஊர் இது. அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில், யார் நிற்கலாம் என்று எந்தப் பெரிய கட்சியும் இங்கே பெட்டி வைத்துக் கேட்டதாக என் ஷீட்டில் ஒரு வரிகூட இல்லை.

இன்றைய முறை என்ன? விருப்ப மனு, நேர்காணல், பட்டியல். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு தி.மு.க.வில் பொதுத் தொகுதிக்கு விருப்ப மனுக் கட்டணம் 50,000 ரூபாய். வேட்பாளர் தேர்தல் ஆணையத்துக்குக் கட்டும் டெபாசிட் 25,000. நாட்டிடம் கேட்பதைவிடக் கட்சியிடம் கேட்பதற்கு இரண்டு மடங்கு. நேர்காணலில் எவ்வளவு செலவு பண்ணுவீங்க என்ற கேள்வி வரும் என்பது ஊரறிந்த விஷயம். அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பக்கத்து அரவக்குறிச்சியே சாட்சி. 2016இல் பணப் பட்டுவாடா காரணமாக அங்கேயும் தஞ்சாவூரிலும் தேர்தலையே தேர்தல் ஆணையம் ரத்து செய்தது.

கடைசியில் எல்லாம் போய் நிற்பது ஒரு கையெழுத்தில். சின்னம் வேண்டுமென்றால் படிவம் ஏ, படிவம் பி. கட்சித் தலைமை கையெழுத்துப் போட்டால் நீங்கள் வேட்பாளர், இல்லையென்றால் சுயேச்சை. ஜெயித்த பிறகும் 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டம் கொறடாவின் கையில். எங்கள் பாஷையில் சொன்னால் மொத்த சிஸ்டத்துக்கும் ஒரே ஒரு ரூட் பாஸ்வேர்ட். அது எந்த அளவுக்குப் போகும் என்பதை 2016 இறுதியில் பார்த்தோம். ஜெயலலிதா மருத்துவமனையில். மூன்று தொகுதிகளில் தேர்தல். அ.தி.மு.க. வேட்பாளர்களின் படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் கைரேகை. அதை ஒட்டி எழுந்த வழக்கில் திருப்பரங்குன்றம் தேர்தல் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 மார்ச்சில் சொன்னது. இவ்வளவு பெரிய கட்சி, ஒரு தொகுதிக்கு யார் என்பது ஒரு பெருவிரலில் தொங்கியது.

சரி, ப்ரைமரி வைத்தால் தீருமா? இந்தியாவில் ஒரு தடவை வைத்துப் பார்த்தார்கள். 2014இல் ராகுல் காந்தி ஏற்பாட்டில் காங்கிரஸ் சுமார் 15 தொகுதிகளில் கட்சிக்குள் ஓட்டெடுப்பு நடத்தியது. குஜராத்தின் வதோதராவில் நரேந்திர ராவத் அப்படித் தேர்வானார். அங்கே மோடி நிற்கிறார் என்றானதும் அவர் விலகி மதுசூதன் மிஸ்திரிக்கு இடம் விட்டார். மேலிடம் இருக்கிற வரை பெட்டிக்கு அவ்வளவுதான் மரியாதை.

ப்ரைமரி பிறந்த ஊரிலும் அது புனிதமான சமாச்சாரம் இல்லை. 1968இல் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு ப்ரைமரியிலும் நிற்காமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆனார். அந்த ரகளைக்குப் பிறகுதான் விதிகளை மாற்றினார்கள். அதற்கும் முன்னால், டெக்ஸஸில் வெள்ளைக்காரர்கள் மட்டும் ஓட்டுப் போடும் ப்ரைமரியே இருந்தது. அங்கே அந்தக் கட்சி நிறுத்துகிறவர்தான் ஜெயிப்பார் என்பதால் கறுப்பின மக்களின் ஓட்டுக்கு அர்த்தமே இல்லாமல் போனது. 1944இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஒழித்தது.

இதைப் படித்தபோது எனக்குத் தலித் எழில்மலை ஞாபகம் வந்தார். திருச்சி பொதுத் தொகுதி. 2001இல் ஜெயலலிதா அங்கே ஒரு தலித் வேட்பாளரை நிறுத்தினார், அவர் ஜெயித்தார். உள்ளூர்க் கட்சிக்காரர்களிடம் பெட்டி வைத்திருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். திருச்சியில் இதுவரை ஜெயித்த பன்னிரண்டு எம்.பி.க்களில் ஒரு பெண் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் ஜோதி வெங்கடாசலம், 2011இல் ஜெயலலிதா, 2015 இடைத்தேர்தலில் 96,516 வாக்கு வித்தியாசத்தில் வளர்மதி என்று மூன்று பேர். மூவரும் மேலிருந்து வந்த பெயர்கள்தான் அல்லது மேலிடமேதான். 2021இல் 234 இடத்தில் 117 பெண்களை நிறுத்திய நாம் தமிழரிலும் அது தலைமை எடுத்த முடிவு. ஆக, பாஸ்வேர்ட் ஒருத்தர் கையில் இருப்பதால் சில கதவுகள் திறந்தும் இருக்கின்றன. அதை மறைத்துவிட்டு நான் ப்ரைமரிக்குக் கொடி பிடித்தால் அது யோக்கியமில்லை.

எனக்கு இதில் வருத்தம் வேறு. வேட்பாளரின் தரம் அவர் குணத்தில் குறைந்ததாக நான் நினைக்கவில்லை. அவரை முன்கூட்டியே சோதித்துப் பார்த்த இடங்கள்தான் வற்றிவிட்டன. பணிமனையில் ஆள் குறைந்துவிட்டது, வேலைகள் கான்ட்ராக்ட்டுக்குப் போய்விட்டன, சங்கத் திடலில் கூட்டம் வருஷத்துக்கு ஒரு நாள். நான் வேலை செய்யும் துறையில் சங்கம் என்று சொன்னாலே எச்.ஆர். ஒரு மாதிரி பார்ப்பார். உள்ளாட்சித் தேர்தல் அந்த வேலையைச் செய்திருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் நகர உள்ளாட்சித் தேர்தல் 2011க்குப் பிறகு 2022இல்தான் நடந்தது. இடையில் பல வருஷம் கவுன்சிலரே கிடையாது. என் பெண் பள்ளிக்கூடம் சேர்ந்து எட்டாம் வகுப்பு வரும் வரைக்கும் எங்கள் வார்டில் புதிதாக ஒருத்தரை ஜெயிக்க வைக்கவோ தோற்கடிக்கவோ எனக்கு வாய்ப்பே வரவில்லை.

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு அப்பா தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, வண்டியை எடு என்றார். ஏன் மனசு மாறியது என்று கேட்கவில்லை. கேட்டால் மறுபடி உட்கார்ந்துவிடுவார். போட்டுவிட்டு வந்து, விரல் மையை விளக்கில் பார்த்தபடி, என் லேப்டாப் பக்கத்தில் நின்று ஷீட்டை மேலும் கீழும் ஓட்டச் சொன்னார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"எல்லாம் சரிடா. தோத்தவங்க பேர் எங்க?"

வசமாக மாட்டினேன். ஜெயித்த நம்பியாரை ஜெயித்த துரை வைகோவோடு ஒப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு தேர்தலிலும் டெபாசிட் போனவர்கள், இரண்டாவதாக வந்தவர்கள், கட்சி டிக்கெட் மறுத்து வீட்டுக்கு அனுப்பியவர்கள் என்று பெரிய கூட்டம் வெளியே நிற்கிறது. அந்தக் காலத்து வேட்பாளர்கள் என்றால் அவர்களும்தானே? இரண்டாவது டேப் ஒன்று திறந்திருக்கிறேன். 1952, 57, 62 முடிந்தது. 1967இல் நிற்கிறேன். அப்பா தனக்கு ஞாபகம் இருக்கிற பெயர்களைப் பழைய டைரி ஒன்றில் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் மூன்று பேர் உண்மையிலேயே தேர்தலில் நின்றார்களா என்பதில் எங்களுக்குள் இன்னும் தகராறு.